மூன்றாவது எல்ஓஆர் (பரிந்துரைக் கடிதம்) வராமல் தவித்தவர்கள் இங்கே எழுதுங்கள்

கடைசி பெஞ்ச்:
அமெரிக்காவில் எம்எஸ் (முதுகலை) படிக்க விண்ணப்பம். இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன, மூன்றாவதைத் தரவேண்டியவர் என் புராஜெக்ட் கைடு. கெடு டிசம்பர் 15 இரவு 11.59, அமெரிக்கக் கிழக்கு நேரம். நமக்கு 16ஆம் தேதி காலை 10.29. அன்று காலை சார் செமஸ்டர் தேர்வறையில் கண்காணிப்பாளர். வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியே பார்த்தார். ஈ ஓட்டுவதுபோல் கையை அசைத்தார். மாற்று ஆள் வந்து, ஸ்டாஃப் ரூமில் போனை எடுத்தபோது 10.15. கடிதத்தை ஏற்றப் பல்கலைக்கழகம் அனுப்பிய லிங்க் ஸ்பாமில் கிடந்தது. கடிதத்தை என்றைக்கோ எழுதி வைத்திருக்கிறார், ஏற்றத்தான் இல்லை. ஏற்றுமுன் ஒரு கட்டம்: மாணவர் முதல் 5 சதவீதத்திலா, 10இலா, 25இலா? கட்டைவிரல் 25க்குப் போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சட்டையெல்லாம் வியர்வை எனக்கு. விரல் 10க்கு ஏறியது. 10.26க்கு அனுப்பினார். கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று விண்ணப்பத்தில் நானே டிக் செய்திருந்தேன். அந்த 25 மட்டும் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அடையாற்றுக்காரி:
எனக்கு 2015. கெடு டிசம்பர் 1. அந்த வாரம் சென்னை எப்படி இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. கடிதம் தரவேண்டிய மேடம் வீடு கோட்டூர்புரத்தில், தரைத்தளம். கரண்ட் இல்லை, போன் அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. அத்தை வீட்டு டாங்கிளில், விண்ணப்பித்த பல்கலைக்கழகத் துறைக்கு நான்கு வரி மெயில் போட்டேன். மறுநாளே பதில்: கடிதம் வரும்போது வரட்டும், வீட்டில் எல்லோரும் பத்திரமா? ஆறாம் நாள் ஏதோ ஒரு புது எண்ணிலிருந்து மேடம் பேசினார். எடுத்ததும், "உன் லிங்க் இன்னும் வேலை செய்கிறதா, அம்மா?" என்றார். வீடு என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை. கடிதம் ஏற்றியாகிவிட்டது என்றதும் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகு போனபோது மொட்டை மாடியில் அவர் புத்தகங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

சேலத்து மாம்பழம்:
கடைசி பெஞ்ச், நீங்கள் அந்தத் திரையைப் பார்த்திருக்கவே கூடாது. உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு எட்டிப் பார்ப்பது என்ன நியாயம்? தவிர, அந்த ஓட்டமே அநாவசியம். பல துறைகளில் 11.59 என்பது மாணவருக்குத்தான். கடிதம் சில நாள் பிந்தினாலும் சேர்த்துக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, துறைப் பக்கத்தைப் படியுங்கள். சில விண்ணப்பத் தளங்களில் கடிதம் தருபவர் பெயரைச் சேமித்த உடனே அவருக்கு லிங்க் போய்விடும். சிலவற்றில் கட்டணம் கட்டிச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இது தெரியாமல் கடைசி நாள்வரை விண்ணப்பக் கட்டுரையைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, சார் இழுத்தடிக்கிறார் என்று புலம்புகிறார்கள். சாரின் ஜிமெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள், அவருடைய கல்லூரி மெயில் ஐடியை வாங்குங்கள். நினைவூட்டல் பொத்தானை வாரத்துக்கு ஒருமுறை அழுத்தினால் போதும், தினமும் அழுத்தினால் சாருக்குக் கோபம்தான் வரும். நான்காவதாக ஒருவரிடம் சொல்லி வையுங்கள். துறைக்கு எழுதினால் விண்ணப்ப எண்ணைப் போடுங்கள், கதை வேண்டாம். என் அனுபவம்: ஒரு சார் கடைசிவரை அனுப்பவில்லை. நான்காமவர் அனுப்பினார்.

ரஃப் நோட்டு:
மாம்பழம் சொல்வது சரிதான், ஆனால் நான்காமவர் எல்லோருக்கும் கிடைப்பாரா? என் கல்லூரியில் மூன்று பேரே பாடு. ஒருவர், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். இரவு முழுக்க என்னைப் பற்றி நானே எழுதினேன். படித்துப் பார்த்து, 'அபாரமான' என்ற ஒரு சொல்லை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்தார். அதற்கே பத்து நாள் ஆனது.

கடைசி பெஞ்ச்:
மாம்பழம், நான் எட்டிப் பார்க்கவில்லை. வெயிலில் திரை தெரியவில்லை என்று சார்தான் போனை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.