ஞாபகசக்திக்கு மூலிகைக் குளிசை எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது?

மாங்குளம் அக்கா:
தம்பி உயர்தரம் எடுக்கும் வருடம். ரியூசன் வாசலில் ஒருவர் வல்லாரையும் நீர்ப்பிரமியும் கலந்த குளிசை விற்றார். ஒரு கிழமையில் பாடம் மனதில் நிற்குமாம். அம்மா முட்டை விற்ற சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தார், அந்த மனிதர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நீர்ப்பிரமி ஆய்வுகளில்கூட நாளுக்கு 300 மில்லிகிராம் சாறு, 12 கிழமை கொடுத்துத்தான் சிறிய முன்னேற்றம் கண்டார்கள். இந்தப் போத்தலில் அளவே இல்லை.

முள்ளியவளை:
அப்பா இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர். மறதிக்கென்று மாமா கனடாவிலிருந்து ஜிங்கோ என்ற மர இலைக் குளிசை அனுப்பினார். ஒருநாள் சவரம் செய்யும்போது கன்னத்தில் சின்னக் கீறல். துவாய் சிவந்துகொண்டே போனது, இரத்தம் நிற்கவில்லை. கிளினிக்கில் டொக்டர், "ஐயா, வேறு என்ன குளிசை போடுகிறீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை, அது வெறும் இலைதானே" என்றார் அப்பா. ஜிங்கோ இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும், வார்பரினோடு சேர்க்கவே கூடாதாம். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 3,069 முதியவர்களைப் பல வருடம் பார்த்தார்கள். ஜிங்கோ எடுத்தவர்களுக்கும் மறதிநோய் வருவது குறையவில்லை. அதற்காகவா என் அப்பா இரத்தம் சிந்தினார்?

புதுக்குடியிருப்பு:
மாங்குளம் அக்கா, வல்லாரையைப் பழிக்காதீர்கள். வாய்க்கால் கரையில் பிடுங்கி, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப்புளி சேர்த்துச் சம்பல் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.
என் பெரியம்மா ஒரே கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார், பிறகு பேரனின் பெயர் வராமல் திகைத்து நின்றார். பரிசோதித்தால் விற்றமின் பி12 குறைவு. ஊசி போட்டபின் தெளிந்தார்.
ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். சீனி வருத்தத்துக்கு மெற்போமினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். தைரொயிட் குறைந்தாலும் மறதி வரும். முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் அமுக்கிரா (அஸ்வகந்தா) மூலிகையைத் தொடாதீர்கள், அது தைரொயிட் அளவை மாற்றக்கூடியது. கிளினிக் போகும்போது வீட்டிலுள்ள எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பரியாரியார் தந்த சூரணம் உட்பட. சோதனை எடுக்கும் பிள்ளைகளை விடிய விடிய விழிக்க விடாதீர்கள், தூங்கினால்தான் படித்தது நிற்கும்.

மாங்குளம் அக்கா:
நான் வல்லாரையைப் பழிக்கவில்லை, தம்பி. எங்கள் வீட்டிலும் சம்பல்தான். அளவெழுதாத போத்தலையும் அம்மாவிடம் காசு வாங்கியவரையும்தான் சொன்னேன். சரி, அம்மாவும் மெற்போமின் எடுக்கிறார். பி12 பரிசோதனையை கிளிநொச்சியில் எங்கே செய்யலாம்?