வன உரிமைக் கிராம சபை: பெண்கள் தலைமையில் நடத்துறவங்க கவனிக்க வேண்டியது

தாளவாடிப் பக்கம்:
2006 வன உரிமைச் சட்டப்படி காட்டு உரிமை கேட்டு வர்ற மனுக்களைப் பார்க்க கிராம சபை தேர்ந்தெடுக்கிறதுதான் வன உரிமைக் குழு. அதுல 10 முதல் 15 பேர், அவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள். அஞ்சு பேரை எழுதிட்டா சட்டத்துக்குச் சரி. தீர்மான நோட்டு யார் கையில இருக்குதுன்னு பாருங்க, அங்கதான் சங்கதி. தலைவியா மனைவி பேரு, நோட்டு புருஷன் பெட்டியில. இப்படி நடக்கிற ஊர்ல மனு நகராது. செயலர் பொறுப்பையும் ஒரு பெண்ணுக்கே கொடுங்க.

அடிக்கடி காலை வாருறது கோரம், அதாவது கூட்டம் செல்லுறதுக்குக் குறைஞ்சது எத்தனை பேர் வரோணும்ங்கிற கணக்கு. வன உரிமை விதிகளோட 2012 திருத்தப்படி ஊர்ல வயசு வந்தவங்கள்ல பாதிப் பேர் வரோணும். வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள். வயசு வந்தவங்க 120 பேர் இருக்கிற ஊருன்னா 60 பேர், அதுல 20 பெண்கள். பகல் 11 மணிக்குக் கூட்டம் வெச்சா நூறு நாள் வேலைக்கும் சீமாறுப் புல்லுக்கும் போனவங்க எப்படிங்க வருவாங்க? பொழுது சாய வைங்க. வருகைப் பதிவுல ஆண், பெண் தனிப் பக்கம். கைநாட்டுக்குப் பக்கத்துலயே பேரை எழுதிடுங்க. இல்லைன்னா அப்புறம் அது யாரு கைநாட்டுன்னு யாராலும் சொல்ல முடியாது.

வால்பாறைப் பக்கம்:
2019 ஆகஸ்ட் மழையில கல்லார்குடி ஊர் சரிஞ்ச பின்னால, தெப்பக்குளமேட்டுல இடம் கேட்டு நின்ன காடர் பழங்குடி மக்கள்ல பெண்கள்தான் முன்னால. அந்தத் துணிச்சல் மனுவுலயும் தெரியோணும். ஊருக்கே பொதுவான சமூக உரிமைக்குப் படிவம் ‘ஆ’ போடுறப்ப வரைபடத்தை ஆம்பளைங்க மட்டும் வரைஞ்சா பாதையும் தேன் பாறையும்தான் வரும். கிழங்கு தோண்டுற சரிவு, கோடையில தண்ணி எடுக்கிற ஊத்து, விறகுத் தடம் எல்லாம் விட்டுப்போகும். எழுதாத இடத்துக்கு உரிமையும் வராது. கள ஆய்வுக்கு முன்னால வனத்துறைக்கு எழுத்துல தகவல் கொடுத்து நகல்ல முத்திரை வாங்கிடுங்க.

பர்கூர் மலைப் பக்கம்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஈரோட்டு மலையாளி மக்கள் (இந்த மலைவாசிங்க, கேரளத்துக்காரங்க இல்லை) பழங்குடிப் பட்டியல்ல இல்லை, சேலத்துல இருக்காங்க (என்ன நியாயமோ!). பட்டியல்ல இல்லாதவங்கன்னா இங்க 13.12.2005க்கு முந்தின 75 வருஷக் குடியிருப்பைக் காட்டோணும். பெரியவங்க வாக்குமூலம் சாட்சியாகும், ஆனா மனுதாரர் சொன்னது சேராது. கட்டிக்கிட்டு வந்து 60 வருஷமான பாட்டிமாருக்கு எந்தச் சாளை (குடிசை) யாருது, இடுகாடு எதுன்னு தெரியும்; அவங்க சொல்றதை எழுதி ரேகை வாங்குங்க. அது ஒண்ணு மட்டும் பத்தாது, இன்னொரு ஆதாரமும் வேணும்.

பட்டா கணவன், மனைவி ரெண்டு பேர் பேர்லயும்தான் வரோணும், வன உரிமைச் சட்டம் பிரிவு 4(4). தனியா இருக்கிற பெண்ணுக்கு அவங்க பேர்லயே. மனுவைத் தள்ளுபடி பண்ணினா காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க. மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான்.