தார்ப்பாய்க் கொட்டகையில் கோழிக் குஞ்சுகளுக்கு விறகு அடுப்பு: அடைமழைக்கும் மார்கழிப் பனிக்கும்

திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து:

கரண்ட் இருக்கிறவரை குண்டு பல்பே போதும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறிய பிறகு நம் ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது தெரிந்ததே. ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு இறக்குகிறவர்கள் விறகு அடுப்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பழைய எண்ணெய் டிரம் போதும். அடியில் மூன்று அங்குலம் ஆற்று மணல் பரப்புங்கள். தணல் நேரே தகரத்தில் உட்கார்ந்தால் அடிப்பாகம் சீக்கிரம் ஓட்டை விழும். டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றி, சுற்றிலும் மூன்றடிக்கு உமி இல்லாமல் வெறும் மண் தரையாக விடுங்கள். உமியில் விழுந்த பொறி மேலே தெரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும்.

தவறு அதிகம் நடப்பது புகைக்குழாயில்தான். குழாய் பருமனுக்கே தார்ப்பாயில் ஓட்டை போட்டு நுழைத்தால் பிளாஸ்டிக் பாய் உருகும், கித்தான் கருகும். சுற்றிலும் ஒன்றரை அடி தள்ளி வெட்டி, அங்கே தகரத் தகடு அடித்து, அதன் நடுவில் குழாயை விடுங்கள். மேல் குழாயின் வாய் கீழ்க் குழாய்க்குள் இறங்க வேண்டும். மாற்றிச் சொருகினால் தார் மாதிரிக் கறுப்புச் சாறு மூட்டு வழியே கசிந்து, குழாயின் வெளிப்புறத்தில் கோடு கோடாக வடியும். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் உச்சித் தொப்பிக்கடியில் கம்பிவலை கட்டாயம். வலையில் கரி அடைத்தால் புகை உள்ளே திரும்பும், வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

விறகு சவுக்கோ சீமைக்கருவேலோ, நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும்.

பாபநாசத்திலிருந்து:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரிங்க. கரியைப் பத்தி மட்டும் அழுத்திச் சொல்லணும். இரும்புச்சட்டியில கரித் தணல் வச்சு, புகைதான் இல்லையேன்னு நாலு பக்கமும் படுதாவை இறுக்கிக் கட்டுறாங்க. தணல்லேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குஞ்சு தூங்குற மாதிரி சாயும். காவலுக்குப் படுத்த ஆளோட உயிரும் போயிடும். தலைவலி, குமட்டல் வந்தா உடனே வெளியே வந்துடுங்க. குழாய் வச்ச அடுப்பா இருந்தாலும் உள்ளே யாரும் படுக்கவே கூடாது.

படுதாவோட கீழ் விளிம்பை இறுக்கிக் கட்டி, மேலே ஒரு அடி திறந்து விடுங்க. வாடைக்காத்து குஞ்சு மேல படாது, ஈரமும் அமோனியாவும் மேல் வழியா போயிடும்.

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சா போதும். தெர்மாமீட்டரை ஆள் உயரத்துல மாட்டாதீங்க, உமிக்கு ரெண்டு அங்குலம் மேலே, குஞ்சு முதுகு மட்டத்துக்கு வைங்க. தகரத் தடுப்பை வட்டமாவே கட்டுங்க. மூலை இருந்தா ராத்திரி அங்கே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடியில கிடக்கிறது மூச்சு முட்டிச் சாகும்.

அடுப்போரம் குவிஞ்சு கீச்சுக் கீச்சுன்னு கத்தினா சூடு பத்தலை. தள்ளிப்போய் வாயைப் பிளந்து இறக்கையைத் தொங்கவிட்டா கட்டையை இழுத்துடுங்க. எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கினா எதிர்ப்பக்கப் படுதாவுல கிழிசல் இருக்கும், தேடுங்க.