66, 59 வயது தம்பதி: மெடிக்கல் பாலிசி பிரீமியத்தை எந்தப் பக்கம் குறைப்பது?

கேள்வி:
கணவருக்கு 65 முடிந்து 66 நடக்கிறது. மனைவிக்கு 59. இருவருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரே ஃப்ளோட்டர் பாலிசி, 9 வருடமாக இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. கணவருக்குச் சர்க்கரை உண்டு, சொல்லித்தான் எடுத்தது. மனைவிக்கு எதுவும் இல்லை. இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. ஆனாலும் இந்த ரினீவலில் பிரீமியம் ஒரேயடியாக ஏறியிருக்கிறது. குறைக்க மூன்று வழி சொல்கிறார்கள்: 20 சதவீதம் கோ-பே (ஒவ்வொரு பில்லிலும் அந்தப் பங்கை நாமே கட்டுவது), அறை வாடகைக்கு வரம்பு உள்ள திட்டம், அல்லது காப்பீட்டுத் தொகையை 5 லட்சமாகக் குறைப்பது. எதில் பாதகம் குறைவு?

பதில் 1:
முதலில் ஏன் ஏறியது என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம். அந்த வயதும் 61-65, 66-70 என்று படிபடியாக இருக்கும். கணவர் அடுத்த படிக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். கிளெய்ம் போடாததற்கு போனஸ் கிடைக்கும். வயதுப் படி ஏறுவதை அது தடுக்காது.

அதனால் கோ-பே பக்கம் போவதற்கு முன், இருவருக்கும் தனித்தனி பாலிசியாக என்ன பிரீமியம் வரும் என்று அதே கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். மனைவியின் பிரீமியம் அப்போது 59 வயதுக்குரியதாக இருக்கும். ஃப்ளோட்டர் தள்ளுபடி போய்விடும்தான், ஆனால் 10 லட்சத்தை இருவரும் பங்கு போட வேண்டியதில்லை. ஒரே வருடத்தில் இருவரும் ஆஸ்பத்திரியில் படுக்கும் வாய்ப்பு இந்த வயதில் சின்னதல்ல. பிரிக்கும்போது 9 வருடத் தொடர்ச்சி இருவருக்கும் அப்படியே வருகிறதா என்று கேட்டு, புது பாலிசியிலும் அது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கோ-பேயைவிட டிடக்டிபிள் (முதலில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நாமே கட்டி, அதற்கு மேல் கம்பெனி கட்டுவது) நல்லது என்பது என் கருத்து. 20 சதவீதம் கோ-பே என்றால் 3 லட்சம் பில்லுக்கு 60,000 உங்கள் கையிலிருந்து. வருடத்துக்கு 1 லட்சம் டிடக்டிபிள் என்றால் 1 லட்சம். இதுவரை கோ-பேதான் லாபம். 5 லட்சத்தில் இரண்டும் சமம். 8 லட்சம் ஆனால் கோ-பேயில் 1,60,000. டிடக்டிபிளில் அதே 1 லட்சம்தான், அந்த வருடம் மறுபடி படுத்தாலும் அது ஏறாது. பில் ஏற ஏற கோ-பேயும் ஏறும், அதற்கு மேல் வரம்பே கிடையாது. நாம் பாலிசி எடுப்பது பெரிய பில்லுக்குப் பயந்துதானே.

பதில் 2:
அறை வாடகை வரம்பை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பலரும் வாடகை வித்தியாசத்தைக் கட்டினால் போதும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். வரம்பு நாளுக்கு 5,000, எடுத்த அறை 8,000 என்று வையுங்கள். விகிதம் 62.5 சதவீதம். டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்சிங் எல்லாமே இந்த விகிதத்தில் வெட்டப்படும். அவை சேர்ந்து 2,40,000 என்றால் 1,50,000தான் வரும். 90,000 போச்சு. 6 நாள் வாடகை வித்தியாசம் 18,000 தனி. மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிக்கும் பொதுவாக இந்த வெட்டு இல்லை. அவசரத்தில் சேர்க்கும்போது வரம்புக்குள் அறை காலியாக இருக்குமா என்பது நம் கையில் இல்லை.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் அடிப்படை பாலிசியை 5 லட்சமாக்கி, 5 லட்சம் டிடக்டிபிளில் சூப்பர் டாப்-அப் (டிடக்டிபிளுக்கு மேல் போகும் செலவைத் தரும் கூடுதல் பாலிசி) சேர்த்தால்?

பதில் 1:
நல்ல யோசனை. வெறும் டாப்-அப் வேண்டாம். அது ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். 4 லட்சத்தில் இரண்டு பில் வந்தால் ஒன்றுமே தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, 5 லட்சத்துக்கு மேல் உள்ள 3 லட்சத்தைத் தரும்.

இரண்டு பாலிசிக்கும் தொடக்கத் தேதி ஒன்றாக இருக்கட்டும். அடிப்படை பாலிசி ஏப்ரலில், சூப்பர் டாப்-அப் அக்டோபரில் தொடங்குகிறது, ஆகஸ்டில் 4 லட்சம், நவம்பரில் 4 லட்சம் பில் வருகிறது என்று வையுங்கள். அடிப்படை பாலிசி 5 லட்சத்தோடு நின்றுவிடும். சூப்பர் டாப்-அப்புக்கோ அக்டோபரிலிருந்து புது வருடம்; அதன் கணக்கில் ஏறியது 4 லட்சம் மட்டும். மிச்சம் 3 லட்சம் உங்கள் தலையில்.

பதில் 3:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சூப்பர் டாப்-அப் புது பாலிசி, ஆகவே கணவரின் சர்க்கரைக்கு அதில் காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிளெய்ம் தராத காலம்) புதிதாக ஓடும். அது முடியும்வரை அடிப்படை பாலிசியை 10 லட்சத்திலேயே வைத்திருப்பதுதான் பத்திரம். அவசரப்பட்டு 5 லட்சமாக்கிவிட்டால், பிறகு கூட்டும் தொகைக்கு மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி காத்திருப்பு.

விண்ணப்பத்தை ஏஜென்ட்டிடம் விடாமல் நீங்களே நிரப்புங்கள். எத்தனை வருடமாகச் சர்க்கரை, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வரும் ஒரு வரியால்கூடக் கிளெய்ம் அடிபடலாம்: "12 வருடமாக நீரிழிவு". விண்ணப்பத்தில் 9 என்று இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். அட்மிஷன் போடும்போது ஜூனியர் டாக்டரிடம் வருடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். முதல் மருந்துச் சீட்டின் நகலைக் காட்டுங்கள்.

புது பாலிசி ஆவணம் கைக்கு வராமல் பழையதை நிறுத்தவோ ரினீவல் தேதியைத் தவறவிடவோ வேண்டாம்.