அம்பாசிடர் டீசல்: நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் பிளக் வேண்டாமாம்!

தேவகோட்டை டீசல்:
கானாடுகாத்தான் தம்பி தன் பழைய அம்பாசிடர் டீசல் காலையில் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவர் சொன்ன பதில்: "செட்டிநாட்டு வெயிலுக்கு ஹீட்டர் பிளக் வெறும் அலங்காரம், பேட்டரியை மாத்து." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த இன்ஜினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை. சிலிண்டரை மூடும் ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. பிஸ்டன் அமுக்கிச் சூடாக்கிய காற்று அந்தக் குறுகிய வாய்க்குள் நுழையும்போதே சூட்டை இரும்பு இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி கரண்டில் பழுத்து அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக். டீசல் தானாகப் பற்ற 200 டிகிரிக்கு மேல் வேண்டும். வெளியே 25 இருந்தால் என்ன, 35 இருந்தால் என்ன?

பள்ளத்தூரான்:
அந்த "ஒருவர்" நான்தான். பேர் சொல்லக் கூசுகிறதோ? எங்கள் வீட்டு அம்பாசிடரில் ஹீட்டருக்கு வயரே கிடையாது. மார்கழியிலும் எடுக்கிறது. லாரிக்கு ஹீட்டர் பிளக் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை டீசல்:
லாரி நேரடி இன்ஜெக்‌ஷன். பிஸ்டன் தலையிலேயே குழி இருக்கும், டீசல் அதிலேயே விழும். அதை இதோடு சேர்க்காதீர்கள். உங்கள் வண்டி மார்கழியில் எடுக்கும் லட்சணம் எனக்குத் தெரியாதா? செல்ப் கதறும், தெரு முழுக்க வெள்ளைப் புகை. டீசல் வருகிறது, எரியவில்லை. அதுதான் வெள்ளைப் புகைக்கு அர்த்தம். ஹீட்டர் பிளக்!

கானாடுகாத்தான் தம்பி:
அண்ணே, என் வண்டியில் காலையில் புகையே வருவதில்லை. டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை அடித்தால் எடுத்துவிடுகிறது.

குன்றக்குடி ஜீப்:
புகை இல்லையென்றால் டீசலே போகவில்லை தம்பி. எங்கோ காற்று இழுக்கிறது, ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஓஸ் கிளிப், பில்டர் வாஷர் இரண்டையும் பாருங்கள்.

தேவகோட்டை டீசல்:
கைப்பம்பு கிடக்கட்டும், முதலில் பிளக். நான்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள், மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். எரியாத பிளக் செத்தது. அதற்குப் பிறகு வாஷர் பேசலாம்.

பள்ளத்தூரான்:
பிடித்த முயலுக்கு மூன்றே கால். தம்பி புகையே இல்லை என்கிறார், இவர் பல்பு பிடிக்கச் சொல்கிறார். போன வருடம் இவர் கை காட்டிய மெக்கானிக்கிடம்தான் நானும் விட்டேன். டீசல் பம்பை இறக்கி ஏற்றினார், டீசல் பீய்ச்சும் டைமிங் போனது. அந்தச் செலவுக்கு இன்னும் பதில் இல்லை.

தேவகோட்டை டீசல்:
டைமிங் போனதற்கு அவரா காரணம்? அதற்கு முன்னால் ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்தது யார்? அந்த அடியில் பிஸ்டன் ரிங்கே உடையும். ஹீட்டர் பிளக் வேலை செய்திருந்தால் பெட்ரோல் துணி எதற்கு?

பள்ளத்தூரான்:
பெட்ரோல் துணி எங்கள் அப்பச்சி காலத்து வழக்கம். அப்பச்சியைப் பற்றிப் பேச வேண்டாம்.

குன்றக்குடி ஜீப்:
அப்பச்சி காலத்தில் டீசல் அம்பாசிடரே கிடையாதே. பெட்ரோல் காருக்குச் செய்ததை டீசலுக்குச் செய்கிறீர்கள்.

பள்ளத்தூரான்:
ஜீப்காரர் எங்கள் வீட்டு வரலாற்றில் மூக்கை நுழைக்க வேண்டாம். லாரிக்கு ஹீட்டர் பிளக் இல்லை. முடிந்தது.

தேவகோட்டை டீசல்:
முடியவில்லை. 2014ல் மேற்கு வங்காளத்து உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுவிட்டது. மிச்சம் இருக்கும் வண்டிகளையும் இப்படித்தான் பேட்டரி மேல் பேட்டரி வாங்கி, செல்பை எரித்துக் கெடுக்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் தம்பி:
அண்ணே, வாஷர் காரைக்குடியில் எங்கே கிடைக்கும்?

பள்ளத்தூரான்:
வாஷர் இருக்கட்டும் தம்பி, பேட்டரி வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?

தேவகோட்டை டீசல்:
பேட்டரியாம் பேட்டரி! தம்பி, பல்பு வைத்துப் பார்த்தீர்களா இல்லையா? நான்கு பிளக்கையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.