பேர் ஒன்னு, பேக்கேஜ் வேற: டெபியன், ஃபெடோராவில் மாட்யூல் தேடியபோது மாட்டிய இடங்கள்

கல்தூண்:
எந்தெந்த பெர்ல் மாட்யூல் டெபியன், ஃபெடோரா என்கிற லினக்ஸ் வகைகள்ல பேக்கேஜா கிடைக்குதுன்னு ஒப்பிடுற அட்டவணை பத்தின பேச்சு இது. யாமல்::எக்ஸ்எஸ் மாட்யூல் டெபியன்ல இல்லைன்னு அட்டவணை சிவப்பு காட்டுது. மாட்யூல் பேரைச் சின்ன எழுத்தாக்கி, முன்னாடி 'லிப்', பின்னாடி '-பெர்ல்' ஒட்டித் தேடுற ஸ்கிரிப்ட். அந்தப் பேர்ல பேக்கேஜே கிடையாது. ஆனா மாட்யூல் 'லிப்யாமல்-லிப்யாமல்-பெர்ல்' உள்ளே சமர்த்தா உட்கார்ந்திருக்கு. பெர்ல் மாட்யூல்களோட பொதுக் கிடங்கான சிபான்ல அது வர்ற தொகுப்போட பேர் யாமல்-லிப்யாமல். டெபியன் அதைப் பார்த்துத்தான் பேர் வைக்குது. பேரை ஊகிக்காதீங்க. எந்தக் கோப்பு எந்த பேக்கேஜ்லன்னு காட்டுற ஆப்ட்-ஃபைல்ல 'யாமல்/எக்ஸ்எஸ்.பிஎம்'னு கோப்பைத் தேடுங்க.

ஈசானமூலை:
ஒத்தை மாட்யூலுக்கு ஆப்ட்-ஃபைல் சரி. மொத்த சிபானையும் ஒப்பிட, கோப்பு-பேக்கேஜ் பட்டியலான கன்டென்ட்ஸ் கோப்பை நேரா இறக்கணும், குழி அங்கதான். கன்டென்ட்ஸ்-ஏஎம்டி64 மட்டும் இறக்கினா டிபிஐ, யாமல்::எக்ஸ்எஸ் மாதிரி சி மொழி கலந்தது மட்டும் பச்சை. மூ, ட்ரை::டைனி, மோஜோலிசியஸ் மூணும் காணோம். சுத்த பெர்ல் மாட்யூல் எல்லாம் 'ஆல்' ஆர்க்கிடெக்சர், அதாவது எந்தச் செயலிக்கும் பொது, அதுக்குத் தனியா கன்டென்ட்ஸ்-ஆல் இருக்கு. ரெண்டும் வேணும். பாதையும் ரெண்டு: சுத்த பெர்ல் யூஎஸ்ஆர்/ஷேர்/பெர்ல்5 கீழே, சி கலந்தது யூஎஸ்ஆர்/லிப் கீழே, பெர்ல் வெர்ஷன் எண்ணோட. முன்பாதியை வெட்டிட்டுத்தான் ஒப்பிடணும்.

பனைமட்டை:
இருக்கா இல்லையா சுலபம். எது புதுசுங்கறதுதான் வில்லங்கம். சிபான்ல 1.15க்கு அப்புறம் 1.2 வந்தா பெர்லுக்கு அது தசம எண்: 1.20, புதுசு. டெபியனோட பேக்கேஜ் கருவியான டிபிகேஜிக்குப் புள்ளிக்குப் பின்னாடி தனி முழு எண்: 2, 15ஐ விடச் சின்னது. பழசை வெச்சிருக்கிற டெபியன், மூலத்தையே முந்திட்டதா அட்டவணை சொல்லும்! பேக்கேஜ் பண்றவர் வாட்ச் கோப்புல (மூலத்துல புது வெர்ஷன் வந்துச்சான்னு பார்க்க வெச்சது) வெர்ஷனை 1.20ன்னு நீட்டி எழுதினா தப்பிச்சார். இல்லேன்னா எபாக், அதாவது பழைய எண்ணை மிஞ்ச முன்னாடி '1:'. போட்டா போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது.

நாலாம்படி:
'ஜேசன்::பிபி கோர்ல இருக்கு, 5.14லேர்ந்து' என்று, பெர்ல் வெர்ஷனோடவே வர்ற (கோர்) மாட்யூல்களைப் பட்டியல் போடுற கோர்லிஸ்ட் கருவி சொல்லும். டெபியனோட இளைச்ச வடிவமான ஸ்லிம் கன்டெய்னர்ல ஓட்டினா கோப்பே இல்லைன்னு விழும். அங்கே இருக்கிறது பெர்ல்-பேஸ்ங்கிற அடிப்படைத் துண்டு மட்டும். 'பெர்ல்' பேக்கேஜைப் போட்டாத்தான் முழு கோர்.

பனைமட்டைக்கு: வாட்ச் கோப்பு அவங்க பக்கத்து வேலை, அட்டவணை போடுறவருக்கு உதவாது. டெபியன் வெர்ஷன்ல முதல்ல முக்காற்புள்ளி வரைக்கும் வெட்டுங்க, அப்புறம் கடைசி ஹைஃபனுக்குப் பின்னாடி, அப்புறம் '+டிஎஃப்எஸ்ஜி' வால் (உரிமக் காரணமா சில கோப்பை நீக்கினதுக்கு அடையாளம்). மிச்சத்தையும் சிபான் எண்ணையும் பெர்லோட 'வெர்ஷன்' மாட்யூல்ல கொடுத்து ஒப்பிடுங்க. சிபான் பக்கம் எண்ணுக்கு 02பேக்கேஜஸ் கோப்பு போதும். மாட்யூல், அதன் வெர்ஷன், எந்தத் தொகுப்புன்னு வரிக்கு மூணு பத்தி. ஒரு எச்சரிக்கை: நடுப்பத்தி மாட்யூல் வெர்ஷன், தொகுப்பு வெர்ஷன் இல்லை. பல சமயம் ரெண்டும் வேற. தொகுப்பு எண்ணை மூணாவது பத்தியின் டார் கோப்புப் பேர்ல இருந்து எடுக்கணும். கோர் பத்தியில 'எப்போ வந்தது' மட்டும் பார்க்காம 'எப்போ போனது'ம் பாருங்க: சிஜிஐ 5.004ல வந்து, 2015ல 5.22ல வெளியே போயாச்சு. இன்னும் பச்சையாவே காட்டுற அட்டவணைகள் உண்டு.

தும்பைப்பூ:
இவ்வளவு பாடு டெபியன்லதான். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் இன்ஸ்டால்'க்கு அப்புறம் மேற்கோளுக்குள்ள பெர்ல்(யாமல்::எக்ஸ்எஸ்)னு அடிச்சா முடிஞ்சது. ஃபெடோராவோட பேக்கேஜ் கருவி ஆர்பிஎம், ஒவ்வொரு பிஎம் கோப்பிலேயும் 'பேக்கேஜ்' வரியைப் படிச்சு அந்தப் பேரை ஒட்டி வைக்குது.

ஈசானமூலை:
முடியலை. ஏதாவது ஆப் தன்னோட உள்வேலைக்கு ஒரு மாட்யூலைச் சேர்த்துக் கட்டி, பேக்கேஜ் கட்டுற விவரம் இருக்கிற ஸ்பெக் கோப்புல வடிகட்டாம விட்டா, அந்த ஆப்பும் அதே பேரைத் 'தருவேன்'னு நிக்கும். பைத்தானுக்கும் இதே கதைதான்: பியூட்டிஃபுல்சூப்4, ஃபெடோராவில் 'பைத்தான்3-பியூட்டிஃபுல்சூப்4', டெபியன்ல 'பைத்தான்3-பிஎஸ்4', இம்போர்ட் பண்ற பேரை வெச்சு. அங்கே பைத்தான் தொகுப்போட விவரம் இருக்கிற டிஸ்ட்-இன்ஃபோ, எக்-இன்ஃபோ அடைவுப் பேரை எடுத்து, சின்ன எழுத்தாக்கி, கீழ்க்கோடு, புள்ளி எல்லாத்தையும் ஹைஃபனாக்கிட்டு ஒப்பிடுங்க.