மறு: காமிக் ஓப்பேராவும் அனிமேஷனும் – ‘வரைபாவைக் கூத்து’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நான் கேட்ட ஒரு கேள்விக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்கிறேன். என் அக்கா மகள் பிரான்சில் இசை படிக்கிறாள். பெருந்தொற்றுக் காலத்தில் அவள் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு காமிக் ஓப்பேராவை, இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கோலேசியின் ‘லா செர்வா பத்ரோனா’வை, முழுக்க அனிமேஷனாகச் செய்து இணையத்தில் வெளியிட்டார்கள். ஓப்பேரா என்பது பாடியே கதை நடத்தும் மேற்கத்திய நாடகம். அதன் இணைப்பை அனுப்பி, “மாமா, இதைப் பற்றி நம் சங்க மலருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்” என்றாள். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. இங்கே மொரீசியசில் நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் ஒரு பாடம். அவர்களுக்கு அது ‘தெசேன் அனிமே’, ‘ஒபெரா கொமிக்’. தமிழில் என்ன என்று கேட்டால், தமிழாசிரியன் நான், என்னிடம் சொல் இல்லை.

> நகைச்சுவை இசை நாடகம் என்று நேராகச் சொல்லிவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

சென்னை ஐயா எழுதியது இது. புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘இசை நாடகம்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு குடியிருப்பு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில், மதுரைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும்தான் இசை நாடகம். அதில் பாட்டும் உண்டு, பேச்சும் தர்க்கமும் உண்டு. இத்தாலிய ஓப்பேராவில் கதையே பாட்டில்தான் நகரும். “மேலாடையை எடுத்து வா” என்பதைக்கூடப் பாடித்தான் சொல்வார்கள். ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் இரண்டுமே மங்கிப்போகும்.

இன்னொரு சிக்கல், பிரெஞ்சு புழங்கும் எங்கள் தீவில் உடனே தட்டுப்படுவது. ‘ஒபெரா கொமிக்’ என்றால் சிரிப்பு ஓப்பேரா என்று பொருள் இல்லை. பாட்டுக்கு நடுவே பேச்சு வந்தால் அது ஒபெரா கொமிக். 1875-இல் பாரிஸில் அந்தப் பெயருள்ள அரங்கிலேயே முதன்முதலில் நடந்த, இசையமைப்பாளர் பிசேயின் ‘கார்மென்’, நாயகி கத்திக்குத்துப்பட்டுச் சாவதில் முடிகிறது. அதற்கு ‘நகைச்சுவை’ என்று பெயர் எழுதி வகுப்பில் கொடுத்தால் பிள்ளைகள் என்னை என்ன நினைப்பார்கள்? உண்மையான சிரிப்பு வகைக்கு இத்தாலியர் வைத்த பெயர் ‘ஓபெரா புஃபா’. ஆங்கிலத்தில் காமிக் ஓப்பேரா என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். நாம் ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல் செய்தால் அந்த மூட்டையையும் சேர்த்தே சுமப்போம்.

‘புஃபா’ என்ற சொல் நமக்கு அந்நியமே இல்லை என்பதையும் இந்த வாரம்தான் கண்டேன். அதே வேரிலிருந்து இத்தாலியில் ‘புஃபோனே’, பிரெஞ்சில் ‘புஃபோன்’, ஆங்கிலத்தில் ‘பஃபூன்’, அங்கிருந்து நம் நாடக மேடைக்கு வந்து ‘பபூன்’. ஸ்பெஷல் நாடகம் என்றும் சொல்லப்படும் நம் இசை நாடகத்தில் முதலில் மேடையேறிப் பாடி ஆடும் அந்தப் பபூனும், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மேடைப் பாத்திரமும் சொல்லளவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சரி, ஓப்பேராவுக்கு என்ன? நான் முன்வைப்பது ‘பாட்டுக்கூத்து’. பாடியே நடத்தும் கூத்து, அவ்வளவுதான். பேச்சு கலந்த ஒபெரா கொமிக்குக்கு ‘உரையிடைப் பாட்டுக்கூத்து’. சிலப்பதிகாரப் பதிகம் தன்னையே ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்று சொல்லிக்கொள்கிறது. பாட்டுக்கு நடுவே உரை வரும் அமைப்புக்கு இளங்கோவே பெயர் கொடுத்திருக்கும்போது நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

புஃபாவுக்கு முதலில் ‘நகைக்கூத்து’ என்று முடிவு செய்திருந்தேன். அதில் எனக்குப் பெரிய ஆசை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து நகை பிறக்கும் என்கிறது. பெர்கோலேசி 1733-இல் நேப்பிள்ஸில் அரங்கேற்றிய ‘லா செர்வா பத்ரோனா’வைப் பாருங்கள். வேலைக்காரப் பெண் முதலாளியை எள்ளுகிறாள். அவளிடம் இளமையின் துடுக்கு. அவரிடம் பேதைமை. வாய்பேசாத இன்னொரு வேலையாளுக்குச் சிப்பாய் வேடம் போட்டு “இவர்தான் என் மாப்பிள்ளை” என்று கொண்டுவந்து நிறுத்தினால் அதையும் நம்பிவிடுகிறார், அதுதான் மடன். கடைசியில் அவளையே கட்டிக்கொள்கிறார். நான்கும் ஒரே கதையில்!

ஆனால் வகுப்பில் ‘நகைக்கூத்து’ என்று பலகையில் எழுதிப் பொருள் கேட்டபோது, ஒரு பெண் கையைத் தூக்கி, “வளையல், சங்கிலி போட்டு ஆடுவதா, மிஸ்யே?” என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ‘நகைச்சுவை’ என்று மாற்றி எழுதினேன், எல்லாருக்கும் பிடிபட்டது. ஆகவே சென்னை ஐயாவின் சொல்லில் முதல் பாதி அப்படியே நிற்கட்டும்: ‘நகைச்சுவைப் பாட்டுக்கூத்து’.

> கூத்து என்றால் மலிவாகத் தெரியாதா? ‘என்ன கூத்து இது’ என்றல்லவா பேச்சில் வருகிறது? பல்கலைக்கழக நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரா?

இதை எழுதிய அன்பருக்கு நான் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டன்மார் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தபோது கூடவே வந்த கலை கூத்து. பக்கத்துத் தீவான ரெயூனியனில் தமிழ் பேச்சுமொழியாக இல்லாமல் போன பிறகும், ‘பால் தமூல்’ என்ற பெயரில் இரவு முழுவதும் அது நடந்தது. அதை அவர்கள் ‘நார்ல்கோன்’ என்றும் சொல்வார்கள். நாடகம் என்ற நம் சொல்லின் திரிபு. ஏட்டைப் பார்த்துப் பாடி நடத்துபவர் ‘வர்த்தியால்’. அவர் நம் வாத்தியார். மொழி போன இடத்திலும் பிடித்துக்கொண்டு நின்றது கூத்து. அதை மலிவு என்று நாமே சொல்லலாமா? நேப்பிள்ஸில் லா செர்வா பத்ரோனாவும் ஒரு பெரிய ஓப்பேராவின் இடைவேளையில் ஆடிய சின்ன ஆட்டமாகத்தான் தொடங்கியது. பெர்கோலேசியின் அந்தப் பெரிய ஓப்பேராவை இன்று அநேகமாக யாரும் பாடுவதில்லை. இடையில் வைத்த சின்னதைத்தான் பாடுகிறார்கள்.

அப்புறம் அனிமேஷன். இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

‘அசைவூட்டம்’, ‘இயங்குபடம்’ இரண்டும் நல்ல சொற்கள். படத்துக்கு அவை போதும். ஆனால் இந்த மாணவர்கள் செய்தது எப்படி என்று அக்கா மகள் விவரமாகச் சொன்ன பிறகு, அவை போதாது என்று தோன்றியது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா. இரண்டு பேர் இறந்தார்கள். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. இணையத்தில் சேர்ந்து பாடலாம் என்றால், ஒலி போய்ச் சேரும் தாமதத்தில் தாளம் உடைகிறது. ஆகவே ஒவ்வொருவரும் தன் அறையில், காதில் பியானோவைக் கேட்டுக்கொண்டே தனியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். ஒருவர் எல்லாக் குரலையும் ஒன்றாகக் கோத்தார். அந்தக் குரலுக்கு வரைந்த உருவங்கள் வாயசைத்தன.

உருவங்களை ஒவ்வொன்றாக வரையவும் இல்லை. விநாடிக்கு 12 படம் என்றாலே 45 நிமிடக் கதைக்கு 32,400 படம் வேண்டும். மாணவர்களால் ஆகாது. தலை, கை, முழங்கை, கால் என்று தனித்தனியாக வரைந்து, மூட்டு வைத்து இணைத்து, வேண்டிய உறுப்பை மட்டும் அசைத்தார்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? எனக்குத் தோற்பாவைதான். மூட்டு வைத்த உருவத்தின் நிழல் திரையில் ஆடுகிறது. பாடுகிறவர் திரைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல். குரல் ஒருவருடையது, உடல் பாவையுடையது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரும் விநோதக் கூத்துகளைச் சொல்லும்போது தோற்பாவையையும் நகைத்திறச் சுவையையும் ஒரே வகையில்தான் சேர்க்கிறார். நிழலுருவங்களை வெட்டிப் படமெடுத்த ஜெர்மன் கலைஞர் லோட்டே ரைனிகர் 1935-இலேயே மொசார்ட்டின் ஓப்பேராப் பாத்திரமான பாப்பகேனோவைப் பாவையாக்கித் திரையில் ஆடவிட்டார். ஆகவே இந்த உறவு நான் வலிந்து கட்டியது இல்லை.

தோலில் செய்தால் தோற்பாவை, மரத்தில் செய்தால் மரப்பாவை. வரைந்து செய்தால் ‘வரைபாவை’. வரைந்த, வரைகிற, வரையும் பாவை என்று மூன்று காலமும் அடங்கும் வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது. அனிமேஷன் பாத்திரம் ஒவ்வொன்றும் ஒரு வரைபாவை. வரைபாவைகளைக் கொண்டு பாடி நடத்தினால் ‘வரைபாவைக் கூத்து’.

> பாவை என்றால் எங்களுக்கு மார்கழியும் திருப்பாவையும்தான் நினைவுக்கு வரும்.

ரோஸ் ஹில் அக்காவின் தயக்கம் எனக்கும் இருந்தது. ‘பாவைப் பாட்டு’ என்று சொல்லியிருந்தால் நிச்சயம் குழம்பும். ‘வரை’ முன்னால் வந்ததும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது. எங்கள் பிள்ளைகள் நாவுக்கும் இது எளிது, ழகரம் இல்லை.

> ஜோகன்னஸ்பர்க் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 2005-இல் பிரசல்ஸில் மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓப்பேராவை நடத்தியபோது அவருடைய ஓவியங்கள் மேடையில் அசைந்தன. அதுவும் வரைபாவைக் கூத்தா?

டர்பன் தம்பி கேட்டது நல்ல கேள்வி, சொல்லின் எல்லையைக் காட்டுகிறது. அது இல்லை என்பேன் தம்பி. அங்கே பாடகர் தன் உடலோடு மேடையில் நிற்கிறார். படம் அவரைச் சுற்றி அசைகிறது. அது அசையும் திரைச்சீலை. பாடுகிறவர் மறைந்து, அவர் இடத்தில் வரைந்த உருவம் நின்றால் மட்டுமே வரைபாவைக் கூத்து.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்லைனுக்கு ‘இணையவழி’ போதும், விவாதமே வேண்டாம். அரங்கம் இல்லாதபோது ‘அரங்கேற்றம்’ எப்படி என்று ஒருவர் கேட்டார். முதன்முதலாக நாலு பேர் முன் வைப்பதுதான் அரங்கேற்றம். நூலையே அரங்கேற்றியவர்கள் நாம். பாட்டாகவும் பேச்சாகவும் இல்லாமல் ஓடும் ரெசிட்டட்டீவுக்கு ‘விருத்தம்’ என்ற பரிந்துரையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தாளம் கட்டாதது என்பது வரை ஒற்றுமை. ஆனால் விருத்தத்தில் ராகம் நின்று விரியும். இது பேச்சு வேகத்தில் ஓடும். ‘பேச்சிசை’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

மலருக்கு நான் எழுதிய முதல் வாக்கியம் இது:

“பெர்கோலேசியின் நகைச்சுவைப் பாட்டுக்கூத்தான லா செர்வா பத்ரோனாவைப் பல்கலைக்கழக மாணவர்கள் வரைபாவைக் கூத்தாக இணையவழி அரங்கேற்றினார்கள்.”

அக்கா மகளுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “வரைபாவை” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் பாடிய பாத்திரத்தின் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லைத் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன். மலர் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. ‘பேச்சிசை’யைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மொரீசியசிலிருந்து